வீட்டில் பார்க்க வேண்டிய கல்ட், திகில் படங்கள்: பிரதியைத் தேர்ந்தெடுப்பது முதல் இரண்டாம் முறை பார்ப்பது வரை

1922-இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படத்தில், இரத்தம் குடிக்கும் ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குள் வரும் காட்சி ஒன்று உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல பிரதிகளில் அவர் பட்டப்பகலில், கால் பின்னப் பின்ன ஓடுவதுபோல் தெரிவார்; பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். இயக்குநர் முர்னோ அப்படி எடுக்கவில்லை. அன்றைய படச்சுருளால் இரவு வெளிச்சத்தில் வெளிப்புறக் காட்சிகளைப் பதிய முடியாது என்பதால் பகலில் எடுத்துவிட்டு, திரையிடும் பிரதியில் நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் வந்தால் இரவு என்பது அன்றைய பார்வையாளர்களுக்குத் தெரியும். கேமராவும் கையால் சுழற்றப்பட்டது என்பதால், நொடிக்கு 24-க்கும் குறைவான படச்சட்டங்களே பதிவாயின. சாயத்தை இழந்த பிரதியை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால், நள்ளிரவில் மெல்ல நடந்து வரும் மரணம், பகலில் ஓடும் கோமாளியாகிவிடுகிறது.

பழைய திகில் படங்களைப் பார்த்துவிட்டு "இதில் என்ன பயம் இருக்கிறது?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர், அந்தப் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை என்றுதான் நான் சொல்வேன். இத்தகைய படங்கள் பெரும்பாலும் சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டவை. காட்டாமல் விட்டதை நம் கற்பனையைக்கொண்டு நிரப்பிக்கொள்பவை. அந்தக் கற்பனை வேலை செய்வதற்கு இருள், தடையற்ற நேரம், பழுதில்லாத பிரதி, கேட்கும்படியான ஒலி ஆகிய நான்கும் தேவை. திரையரங்கில் இவற்றை வேறொருவர் ஏற்பாடு செய்து தருகிறார். வீட்டில் நாமே செய்ய வேண்டும்.

படி 1: எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'கல்ட்' என்ற சொல் இன்று வெற்றிபெற்ற எல்லாப் படங்களுக்கும் ஒட்டப்படுகிறது. அதன் பின்னணி குறிப்பானது. 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கில், அதை நடத்திவந்த பென் பேரன்ஹோல்ட்ஸ், அலெஹாந்த்ரோ ஹொதொரோவ்ஸ்கியின் 'எல் டோபோ' படத்தைப் பெரிய விளம்பரமில்லாமல் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடத் தொடங்கினார். வாய்வழிச் செய்தியாலேயே அது மாதக்கணக்கில் ஓடியது. அதே பேரன்ஹோல்ட்ஸ்தான் பின்னர் டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படமான 'இரேஸர்ஹெட்'டையும் (1977) நள்ளிரவுக் காட்சிகளுக்குக் கொண்டுவந்தார். முதல் வெளியீட்டில் கைவிடப்பட்டு, பிறகு ஒரு சிறு கூட்டம் விடாமல் திரும்பத் திரும்பப் பார்த்ததால் உயிர்பிழைத்த படம் என்பதே அச்சொல்லின் பொருள்.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011). அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்குமாக இரண்டு தேசிய விருதுகளைப் பெற்ற அந்தப் படம் திரையரங்குகளில் நிலைக்கவில்லை. அதற்கான பார்வையாளர்கள் பிறகுதான் சேர்ந்தார்கள். எனவே இவ்வகைப் படங்களில் விறுவிறுப்பையோ, அடிக்கொருதரம் தூக்கிவாரிப்போடும் காட்சிகளையோ எதிர்பார்த்து உட்கார வேண்டாம். முதல் இருபது நிமிடங்கள் பழகுவதற்கானவை. அதற்குள் நிறுத்திவிடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வது நல்லது.

படி 2: சரியான பிரதியைத் தேடுங்கள்

வழிகாட்டியின் மிக முக்கியமான படி இதுவே. படத்தின் பெயரைத் தேடி, முதலில் கிடைப்பதைச் சொடுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

உயிர்த்தெழுந்த பிணங்களுக்கு அஞ்சிப் பண்ணை வீடொன்றில் அடைந்துகிடப்பவர்களின் கதையான ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில், சுமார் 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. வெளியீட்டுக்கு முன் விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்புச் சட்டத்தோடு அதிலிருந்த காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அறிவிப்பு இல்லாத படைப்புக்கு அன்றைய அமெரிக்கச் சட்டம் உரிமை தரவில்லை. ஆகவே அந்தப் படம் அங்கே பிறந்தவுடனேயே பொதுச்சொத்தாகிவிட்டது. படைத்தவர்களுக்குப் பேரிழப்பு, நமக்கோ சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பெரும் படைப்பு. ஆனால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்ற நிலையால், மங்கிய, ஓரம் வெட்டப்பட்ட, செயற்கையாக வண்ணமேற்றப்பட்ட பிரதிகள் எண்ணிலடங்காமல் பெருகின. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும், பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷன் அமைப்பும் சேர்ந்து மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த வடிவம் 2016-இல் திரையிடப்பட்டது. அதைப் பார்த்தால் அது வேறு படம் என்றே தோன்றும். பண்ணை வீட்டின் சுவர்களில் விழும் நிழல்களும், நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸின் முகத்தில் ஓடும் சலிப்பும் தெளிவாகத் தெரியும். கறுப்பின நடிகர் ஒருவர் எல்லோருக்கும் கட்டளையிடும் நாயகனாக நிற்பதும், அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்கூடப் பேசாததும் 1968-இன் அமெரிக்காவில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அந்த முகத்தைத் தெளிவாகப் பார்க்கும்போதுதான் உணர முடியும்.

பிரதியின் தரத்தோடு நீளத்தையும் கவனிக்க வேண்டும். ராபின் ஹார்டி இயக்கிய 'தி விக்கர் மேன்' (1973), காணாமல்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்தின் தீவு ஒன்றுக்கு வரும் காவல் அதிகாரியின் கதை. பிரிட்டனில் அது, ஒரே சீட்டில் இரண்டு படங்கள் காட்டும் இரட்டைக் காட்சியின் துணைப் படமாக, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கப்பட்டு வெளியானது. நீண்ட வடிவத்தில் அதிகாரி தீவில் இரண்டு இரவுகள் தங்குகிறார். சுருக்கிய வடிவத்தில் ஒரே இரவு. கிறிஸ்டோபர் லீ நடித்த தீவுத் தலைவர் நீண்ட வடிவத்தில் முதல் இரவிலேயே வந்துவிட, சுருக்கிய வடிவத்திலோ படம் வெகுதூரம் போன பிறகே நம் கண்ணில் படுகிறார். 2013-இல் 'ஃபைனல் கட்' என்ற பெயரில் வந்த வடிவத்தையே முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன்.

எனவே பார்ப்பதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: ஓட்ட நேரம் மூலத்தோடு பொருந்துகிறதா, படம் அதன் இயல்பான வடிவில் இருக்கிறதா, மீட்டெடுக்கப்பட்ட பிரதியா. பழைய படங்களில் பல ஏறத்தாழச் சதுர வடிவில் எடுக்கப்பட்டவை. அத்தகைய படங்களுக்கு அகலத்திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் இருப்பதே சரி. திரை முழுவதும் நிரம்பியிருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் அல்லது முகங்களை அகலவாக்கில் இழுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

படி 3: அறையையும் தொலைக்காட்சியையும் தயார்செய்யுங்கள்

இன்றைய தொலைக்காட்சிகள் கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்டு வருகின்றன. அந்த அமைப்பு கிரிக்கெட்டுக்குப் பொருந்தலாம், திகில் படத்துக்குப் பொருந்தாது. முதலில் அணைக்க வேண்டியது அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று அதற்குப் பெயர். நொடிக்கு 24 சட்டங்கள் கொண்ட படத்தின் இடையிடையே செயற்கைச் சட்டங்களைச் செருகி, சினிமாவை மெகாத்தொடர்போல் அது ஆக்கிவிடுகிறது. அடுத்ததாகப் பட அமைப்பை 'விவிட்' என்பதிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்பதற்கு மாற்றுங்கள். மின்சேமிப்பு வசதியையும் நிறுத்துங்கள். அறை இருட்டினால் திரையையும் தானாக மங்கச் செய்யும் அந்த வசதியால், இருண்ட காட்சிகளில் ஒன்றுமே தெரியாமல் போகும்.

அறை முழு இருட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. திரைக்குப் பின்னால் சுவரை நோக்கி ஒரு சிறு விளக்கு எரிந்தால் கண்ணுக்கு இதம். திரையில் பிம்பம் விழும்படி முன்னால் விளக்கு இருக்கக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இது இன்னும் முக்கியம். ராகுல் சதாசிவன் இயக்கி மம்மூட்டி நடித்த மலையாளப் படமான 'பிரமயுகம்' (2024), இந்தக் காலத்திலும் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்த படம். பாழடைந்த மனையின் மூலைகளில் எரியும் ஒற்றை விளக்குகளையும் அவற்றைச் சூழ்ந்த கருமையையும் நம்பியே அதன் அச்சம் கட்டப்பட்டிருக்கிறது. டியூப்லைட் எரியும் கூடத்தில் அதைப் பார்த்தவர்கள் ஒருமுறை விளக்கை அணைத்துப் பாருங்கள்.

கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு, பாத்திரம், குழந்தைகளின் உறக்கம் எல்லாம் முடிந்து, குக்கர் விசிலோ அழைப்பு மணியோ குறுக்கிடாத பத்து மணிக்கு மேற்பட்ட நேரம்தான் நம் வீடுகளுக்குப் பொருந்துகிறது. ஒன்றரை மணி நேரப் படத்தை மூன்று தவணையில் பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பது மேல்.

படி 4: ஒலிக்கு மரியாதை கொடுங்கள்

திகில் படத்தில் பாதி காதால் நடப்பது. 'இரேஸர்ஹெட்' படத்தில் லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் உருவாக்கிய தொழிற்சாலை இரைச்சல், நீராவிச் சீற்றம், காற்றின் உறுமல் ஆகியவை ஏறத்தாழப் படம் முழுவதும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம் ஊரில் இதற்கு ஓர் இடையூறு உண்டு: மின்விசிறி. அதன் சத்தமும் படத்தின் இரைச்சலும் கலந்துவிட்டால், படத்தின் ஆதாரமான அமைதியின்மையே காணாமல் போகும். இந்தப் படத்துக்கு மட்டும் நல்ல ஹெட்போனை அணியுமாறு வற்புறுத்துகிறேன். தொலைக்காட்சியில் 'நைட் மோடு' என்றோ 'வால்யூம் லெவலிங்' என்றோ இருக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் அது, அமைதிக்கும் அலறலுக்கும் உள்ள தூரத்தை அழித்துவிடுகிறது.

படி 5: மொழியைத் தீர்மானியுங்கள்

பொதுவாக மூலமொழி ஒலியும் சப்டைட்டிலுமே சிறந்தது. இத்தாலியத் திகில் படங்கள் இதற்கு விலக்கு. டாரியோ அர்ஜெண்டோவின் 'சஸ்பீரியா'வில் (1977) பல நாட்டு நடிகர்கள் அவரவருக்கு வசதியான மொழியில் பேசி நடிக்க, குரல்கள் எல்லாம் பிறகே சேர்க்கப்பட்டன. எனவே ஆங்கில ஒலியில் பார்ப்பதில் தவறில்லை. உதடு பொருந்தாமை இத்தாலிய வடிவத்திலும் இருக்கும். அந்தப் படத்தில் உரையாடலைவிடக் கோப்லின் குழுவின் இசையும், பழைய டெக்னிகலர் அச்சுமுறையில் கொதிக்கும் சிவப்பும் நீலமுமே கதை சொல்கின்றன. ஒன்றை எச்சரிக்க வேண்டும்: அதன் முதல் கால்மணி நேரத்தில் வரும் கொலை மிகக் கொடூரமானது. அது தாங்காதவர்கள் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடலாம்.

படி 6: ஒரு வரிசையில் பாருங்கள்

எடுத்த எடுப்பில் 'இரேஸர்ஹெட்'டைப் பார்த்துவிட்டு இவ்வகைப் படங்களையே வெறுத்தவர்களை எனக்குத் தெரியும். கண்ணும் காதும் படிப்படியாகப் பழக வேண்டும்.

தமிழ்ப் பார்வையாளர்கள் வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படத்திலிருந்து தொடங்கலாம். அது பேய்ப்படமன்று. 1943-இல் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டுவீசிய மறுநாள் காலை ஒரு கொலை நடக்கிறது; அதை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து சொல்கிறார்கள். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தமிழ்ப் படங்களில் பாட்டுகள் அடுக்கடுக்காக வந்த காலத்தில் இப்படி ஒரு துணிச்சல். நிழலால் மட்டுமே ஒரு வீட்டை எப்படிச் சந்தேகத்துக்குரியதாக்கலாம் என்பதைத் தாய்மொழியிலேயே கற்றுக்கொண்டுவிட்டால், பிறமொழிப் படங்களின் நிழல்கள் அந்நியமாக இருக்காது.

அடுத்து ஹெர்க் ஹார்வியின் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962). இந்தப் பட்டியலிலேயே என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஹார்வி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறும்படங்கள் எடுத்துவந்தவர். காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டா மாநிலத்தின் உப்பேரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்ஏர் என்ற கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். அந்த ஒரு காட்சியிலிருந்து பிறந்த கதையைச் சுமார் 33,000 டாலரில், மூன்றே வாரங்களில் படமாக்கினார். வெளிறிய முகப் பேயுருவாகத் தானே நடித்தார். அதன் பிறகு அவர் வேறு முழுநீளக் கதைப்படம் எடுக்கவில்லை. பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த காரிலிருந்து ஒரே ஒரு பெண் கரையேறுகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக வேற்றூர் போகிறாள். அங்கே அவ்வப்போது உலகத்தின் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது, யாரும் அவளைக் காண்பதுமில்லை, கேட்பதுமில்லை. நட்ட நடுப்பகலில், கடைவீதியில், ஒரு சொட்டு இரத்தமும் இல்லாமல் இவ்வளவு தனிமையைக் காட்டிய படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. இதுவும் அமெரிக்காவில் பொதுச்சொத்து. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்.

அதன்பின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 'தி விக்கர் மேன்' என்ற வரிசையில் போகலாம். பின்னதில் இருட்டு குறைவு. பாட்டும் ஆட்டமும் வெயிலுமாக அச்சம் வளர்கிறது. மே மாதக் கொண்டாட்டமாகக் கதை நடந்தாலும் படப்பிடிப்பு இலையுதிர் காலக் குளிரில் நடந்ததால், மூச்சுக் காற்று புகையாகத் தெரியாமலிருக்க நடிகர்கள் வாயில் பனிக்கட்டியை வைத்துக்கொண்டார்களாம்.

அடுத்தது ஜப்பான். மசாகி கொபயாஷியின் 'க்வைடான்' (1964) மூன்று மணி நேரப் படம். நான்கு தனிக் கதைகள் கொண்டது. முன்னர் சொன்ன விதிக்கு மாறாக, இதை இரவுக்கு ஒரு கதையாக நான்கு நாள் பார்க்கலாம். அமெரிக்காவில் முதலில் வெளியானபோது 'பனிப்பெண்' கதையையே நீக்கிவிட்டார்கள் என்பதால், உங்களுடையது 183 நிமிடப் பிரதிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாபெரும் அரங்கில் கையால் தீட்டப்பட்ட வானங்களின் கீழ் எடுக்கப்பட்ட படம் இது. பனிப்புயலின் நடுவே வானத்தில் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது கதைதான் உச்சம். பார்வையற்ற இளம் இசைஞன் ஹோய்ச்சி, கடற்போரில் மாண்ட குலத்தின் ஆவிகளுக்கு அவர்களுடைய அழிவையே இரவுதோறும் பாடிக்காட்டுகிறான். அவனைக் காக்கத் துறவிகள் உடல் முழுவதும் மந்திரங்களை எழுதுகிறார்கள், காதுகளை மட்டும் மறந்துவிடுகிறார்கள். தொரு தகெமிட்சுவின் இசை பெரும்பாலும் மௌனமும், மரம் பிளக்கும் ஓசையும், கம்பி அதிரும் ஒலியுமாக இருக்கும்.

இவற்றுக்குப் பிறகு நொபுஹிகோ ஒபயாஷியின் 'ஹவுஸ்' (1977). விளம்பரப் படங்கள் எடுத்துவந்த ஒபயாஷி, உனக்கு எது பயம் என்று தன் சிறு வயது மகளிடம் கேட்டு, அவள் சொன்னவற்றைக் கதையில் சேர்த்தார். விரல்களைத் தின்னும் பியானோ அங்கிருந்து வந்ததே. ஏழு மாணவிகள் விடுமுறைக்குச் செல்லும் அத்தை வீடு அவர்களை ஒவ்வொருவராக விழுங்குகிறது. சிறுவர் வரைந்த ஓவியம்போல எல்லாம் துள்ளுகிறது. சிரித்துக்கொண்டே பாருங்கள், ஆனால் அந்த அத்தை யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதை விட்டுவிடாதீர்கள். போருக்குப் போய்த் திரும்பாதவனுக்காக. இயக்குநர் ஹிரோஷிமா மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

'சஸ்பீரியா'வும் 'இரேஸர்ஹெட்'டும் கடைசியில் வரட்டும்.

படி 7: யாரோடு பார்ப்பது

1968-இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' அமெரிக்கத் திரையரங்குகளில் பகல் காட்சியாகவும் ஓட்டப்பட்டது; வயதுவாரித் தரச்சான்று முறை அந்த ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வழக்கமான பூதப் படம் என்று நினைத்து வந்த குழந்தைகள் அழுதபடி உட்கார்ந்திருந்ததை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார். பழைய படம், கறுப்பு வெள்ளை, ஆகவே குழந்தைகளுக்குப் பாதகமில்லை என்று எண்ணும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். 'அந்த நாள்' தவிர இங்கே சொன்ன எதையும் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு பார்க்க நான் சொல்ல மாட்டேன். 'சஸ்பீரியா', 'தி விக்கர் மேன்', 'இரேஸர்ஹெட்' மூன்றும் பெரியவர்களுக்கு மட்டுமே. 'ஹவுஸ்' நான்கைந்து நண்பர்களோடு பார்க்கச் சிறந்தது. 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' தனியாகப் பார்க்க வேண்டியது.

படி 8: இரண்டாம் முறை பாருங்கள்

முதல்முறை பார்த்த அன்றே விளக்கக் காணொளிகளைத் தேட வேண்டாம். ஒரு வாரமாவது படம் உங்களிடமே இருக்கட்டும். பிறகு மீண்டும் பாருங்கள், இம்முறை ஒரே ஒரு அம்சத்தை மட்டும் பின்தொடர்ந்து. 'அந்த நாள்' படத்தில் ஒவ்வொருவரும் சொல்லும்போது ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதையும், 'க்வைடான்' படத்தில் செயலுக்கும் அதன் ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்பதையும் கவனிக்கலாம். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' படத்துக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். அந்தப் பெண்ணைச் சுற்றி ஒலி எப்போதெல்லாம் நிற்கிறது, எந்த ஓசை அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். துணிக்கடைக் காட்சிக்குப் பின் பூங்காவில் ஒரு பறவையின் குரலோடு உலகம் அவளிடம் திரும்பும் இடத்துக்கு வரும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தை மட்டும் பாருங்கள்.